பியானோவில் முதல் பத்து நிமிடம்: வாசகர் கேள்வி – பதில்

பியானோ, கீபோர்டு புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பெரும்பாலானவை வார்ம்-அப் பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பெரம்பூரில் வீடு, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஆறு மாதமாக கீபோர்டு கிளாஸ் போகிறேன். ஹானன் என்ற விரல் பயிற்சிப் புத்தகத்தின் முதல் ஐந்து பயிற்சிகளை வாசித்துவிட்டுத்தான் பாட்டுக்கே போகிறேன். அது முடிய அரை மணி ஆகிறது, முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. நாலாவது விரல் தூக்கவே வரவில்லை. விரல் வலுவாக என்ன செய்யலாம் மிஸ்? ஸ்பிரிங் வைத்த ஹேண்ட் கிரிப்பர் வாங்கலாமா? — பெரம்பூர் வாசகர்

கிரிப்பர் வேண்டாம் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நல்ல பியானோவில் ஒரு கீயை மெதுவாக இறக்குவதற்கு ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். அது கீழே போகும் ஆழமும் சுமார் 10 மில்லிமீட்டர்தான். உங்களுடையது வெயிட்டட் கீ (பியானோ போலக் கனமாக இறங்கும் கீ) இல்லாத சாதாரண 61 கீ கீபோர்டு என்றால் இன்னும் லேசாக இருக்கும். ஆறு வயதுக் குழந்தையின் விரலில் கூட அந்த வலு இருக்கிறது. ஆக உங்களிடம் வலு குறையவில்லை, தேவைக்கு மேல் போடுகிறீர்கள், அழுத்தின பிறகும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள். கீ அடிக்குப் போய்ச் சேர்ந்தபின் எவ்வளவு அமுக்கினாலும் சத்தம் அதிகமாகாது, அந்த அமுக்கல் மொத்தமும் முன்கையில்தான் போய் நிற்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வலது முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இடது கையை வைத்துக்கொண்டு வலது கை விரல்களை ஆட்டுங்கள். உள்ளே ஏதோ நெளிவது தெரியும். விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்கு வருகின்றன. மணிக்கட்டு விறைத்திருந்தால், அல்லது கீபோர்டு உயரத்தில் இருந்து கை மேல்நோக்கி வளைந்திருந்தால், அந்த வழியே நெருக்கடியாகிவிடும். இதே நிலையில் அரை மணி நேரம் ஹானன் வாசித்தால் யாருக்கும் கை இறுகத்தான் செய்யும்.

நாலாவது விரலுக்கு, அதாவது கட்டைவிரலை 1 என்று எண்ணினால் வரும் மோதிரவிரலுக்கு, வருவோம். உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு மோதிரவிரலைத் தூக்கப் பாருங்கள். அசையாது, அசைந்தாலும் ஒரு நூல்தான் எழும்பும். புறங்கையில் அந்த விரலின் தசைநாண் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு இணைப்புத் திசுவால் கட்டப்பட்டிருக்கிறது. எல்லா மனிதர்களுக்கும் பிறவியிலேயே அப்படித்தான், பயிற்சியால் அறுத்துவிட முடியாது. இதோடு மல்லுக்கட்டிக் கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1830களின் தொடக்கத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனுக்கு வலது கை விரல் செயலிழந்து, பியானோ கலைஞராகும் கனவே போய்விட்டது. விரலைப் பழக்க அவர் பயன்படுத்திய கருவிதான் காரணம் என்று ஒரு சாராரும், வேறு நோய் என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். எதுவாக இருந்தாலும், விரலைத் தனியாக இழுத்து வலுவாக்கும் கருவிகளிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. நாலாவது விரலைத் தனியாகத் தூக்குவதை விட்டுவிட்டு, அந்த விரல் வாசிக்கும்போது கையின் எடையைக் கொஞ்சம் அதன் பக்கம் சாய்த்துக் கொடுங்கள். சட்டென்று சத்தம் தெளிவாகும்.

ஹானனைக் குறை சொல்லவில்லை. 1873-இல் பிரான்சில் வெளிவந்த புத்தகம், 60 பயிற்சிகள், இன்னமும் உலகம் முழுக்க ஓடுகிறது. ஆனால் விரல்களை நன்றாக உயரத் தூக்கி வாசிக்கச் சொல்லும் அவருடைய அறிவுரையை இன்று பல ஆசிரியர்கள் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. இன்னொன்று, முதல் பயிற்சியையே பாருங்கள்: சி, இ, எஃப், ஜி, ஏ, ஜி, எஃப், இ. ஐந்து விரல், ஆனால் கை விரிவது ஆறு கீகளுக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கீ இடைவெளி விட்டுக்கொண்டே போக வேண்டும். குளிர்ந்த கையோடு முதல் வேலையாகச் செய்கிற பயிற்சி இல்லை அது.

வேறு எப்படி ஆரம்பிப்பது என்றால், நீங்கள் ஓ.எம்.ஆரிலிருந்து பெரம்பூர் வரை பைக்கில் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் கிளட்ச்சை அழுத்திக்கொண்டு வருகிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன். வந்ததும் உட்கார்ந்து வாசிக்காதீர்கள். கை கால் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு, நின்றபடியே தோள்பட்டையைக் காது வரை தூக்கிச் சட்டென்று விடுங்கள், நாலைந்து முறை. கைகளைத் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள். அப்புறம் உட்கார்ந்து, முன்கையைக் கொஞ்சம் தூக்கி நடுவிரல்மேல் கையின் எடை விழும்படி ஒரு கீயில் விடுங்கள். அடிக்கக் கூடாது, விழ வேண்டும். விழுந்ததும் மணிக்கட்டு கொஞ்சம் தாழ்ந்து எழ வேண்டும். கீயைப் பிடித்தபடியே, முழங்கையை யாராவது ஆட்டினால் ஆடுமா என்று பாருங்கள். ஆடினால் சரி. இதே மாதிரி ஒவ்வொரு விரலுக்கும், இரண்டு கைக்கும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான பயிற்சி கிடையாது என்றே சொல்வேன், ஆனால் பாட்டு மாதிரி ஒன்றும் கேட்காததால் எல்லோரும் இதைத்தான் முதலில் தாண்டிவிடுகிறார்கள்.

அதன்பின் ஐந்து விரல் பயிற்சி. மெட்ரோனோமை (டிக் டிக் என்று சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒரு டிக்குக்கு ஒரு நோட், சி டி இ எஃப் ஜி ஏறி இறங்குங்கள், முதலில் தனித்தனிக் கையாக. ஒரு விரல் எழும்புவதும் அடுத்தது இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், நடுவில் ஓட்டை விழக் கூடாது, இரண்டு நோட் கலந்தும் கேட்கக் கூடாது. பிறகு இரண்டு கையும் எதிரெதிராக: இரண்டு கட்டைவிரலும் ஒரு ஆக்டேவ் (ஒரு சியிலிருந்து அடுத்த சி வரை) இடைவெளியில் இருக்கும் இரண்டு சியில் தொடங்கி, வலது கை மேலே ஜி வரைக்கும், இடது கை கீழே எஃப் வரைக்கும் போகட்டும். இரண்டு கையிலும் ஒரே எண் விரல் ஒரே நேரத்தில் அசைவதால், ஒரே திசையில் வாசிப்பதைவிட இது எளிது. முடிந்ததும் வலது கையை இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்று வைத்துப் பாருங்கள் (இங்கே ஷார்ப் என்றால் வலப்பக்கம் அடுத்துள்ள கறுப்பு கீ). பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் தன் மாணவர்களுக்குக் கையைப் பழக்கிய இடம் இது. நீளமான மூன்று விரல்களும் கறுப்பு கீகளில், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில். கை தானாகவே சரியான வளைவுக்கு வந்துவிடும். ஸ்கேல்களில் (ஆரோகணம், அவரோகணம் போன்ற ஸ்வர வரிசைகளில்) முழுக்க வெள்ளை கீகளில் வரும் சி மேஜரைத்தான் கடினமானது என்று அவர் கடைசிக்குத் தள்ளினார், நாமோ எல்லோரையும் அங்கிருந்துதான் தொடங்க வைக்கிறோம்.

இவ்வளவும் எட்டுப் பத்து நிமிடம். விருப்பமிருந்தால் கடைசியில் ஹானனில் ஒன்றே ஒன்று, ஒரு ஆக்டேவ், மெதுவாக. மீதி நேரம் பாட்டுக்கு. வலி தொடர்ந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள்.

நெட்டி முறித்தால் விரல் வார்ம்-அப் ஆகிவிடுமா? — நங்கநல்லூர் வாசகர்

ஆகாது. அந்தச் சத்தம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழியால் வருவது, தசைக்கு அதனால் சூடு ஏறுவதில்லை. உள்ளங்கையைத் தேய்ப்பது எவ்வளவோ மேல்.

என் மகளுக்கு ஆறு வயது. கட்டில்மேல் கீபோர்டை வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கிறாள். கிளாஸில் கொடுத்த ஃபிங்கர் எக்ஸர்சைஸ் என்றால் அழுகிறாள், நேராகப் பாட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். பக்கத்து ஃபிளாட்டுக்குத் தொந்தரவு என்று வால்யூமையும் குறைத்து வைத்திருக்கிறேன். கட்டாயப்படுத்தலாமா? — மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா

கட்டாயப்படுத்தாதீர்கள் அம்மா. பயிற்சியைவிட முதலில் கட்டிலை மாற்றுங்கள். ஹார்மோனியத்துக்குச் சம்மணம் சரி, கீபோர்டை மெத்தைமேல் வைத்தால் அது ஆடும், சாயும், குழந்தை மணிக்கட்டை ஊன்றி வாசிக்கப் பழகிவிடும். ஸ்டாண்ட் வாங்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் ஆடாத மேஜை போதும். உட்கார்ந்தால் முழங்கை கீ மட்டத்துக்கு வர வேண்டும். வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி இந்த வயதுக்குத் தாழ்வாக இருக்கும், மேலே மடித்த போர்வை போட்டு உயர்த்துங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு முழுக்க இறுகும், கீழே ஒரு முக்காலியோ, பழைய புத்தகக் கட்டோ வையுங்கள். இதைச் செய்ததுமே பாதி அழுகை நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பல குழந்தைகளுக்குப் பயிற்சி பிடிக்காமல் இருப்பதில்லை, அந்த நிலையில் உட்கார்ந்து செய்வதுதான் வலிக்கிறது, அதைச் சொல்லத் தெரிவதில்லை.

வால்யூம் விஷயமும் சாதாரணமானது இல்லை. சத்தம் குறைவாக வைத்தால் குழந்தை கேட்பதற்காக ஓங்கி அடிக்கும். பேசுகிற அளவுக்கு வால்யூம் வையுங்கள். மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் வாசித்தால் பக்கத்து வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பெரும்பாலும் அவர்கள் வீட்டிலும் அப்போது டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

பயிற்சியை இந்த வயதில் மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. கறுப்பு கீகள் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூட்டமாக இருக்கின்றன இல்லையா, கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை இரட்டைக் கூட்டங்களை மட்டும் இரண்டு விரலால் தேடித் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். கை முழுக்கப் பயணம் போகும், தோள் தளரும், கீபோர்டின் வரைபடமும் மனதில் பதியும். இன்னொரு நாள் ஒரே ஐந்து நோட்டை யானை நடப்பது போலக் கனமாகவும், பூனை நடப்பது போல மெதுவாகவும் வாசிக்கட்டும். அவள் கேட்கிற பாட்டிலிருந்தே முதல் நாலு நோட்டை எடுத்து வேறு வேறு இடத்தில் வாசிக்க வைத்தாலும் அது வார்ம்-அப்தான். நகம் மட்டும் வாராவாரம் வெட்டிவிடுங்கள், நீள நகத்தோடு விரல் வளையாது.

பதினைந்து வருடம் கர்நாடக சங்கீதம் பாடியிருக்கிறேன். இப்போது பேத்திக்குத் துணையாக நானும் பியானோ தொடங்கியிருக்கிறேன். சரளி வரிசையையே வார்ம்-அப்பாக வாசித்தால் தப்பா? டீச்சரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. — மயிலாப்பூர் வாசகி

தப்பே இல்லை மாமி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டீச்சரிடமும் தயங்காமல் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

சரளி வரிசை அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தை ஒரு கட்டையில், அதாவது சியை ஸட்ஜமாக வைத்து வாசித்தால்: சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி, மேல் சி (இங்கே ஃப்ளாட் என்றால் இடப்பக்கம் அடுத்துள்ள கறுப்பு கீ). இதில் ஸ ரி க ம என்ற நாலுக்கும் ப த நி ஸ என்ற நாலுக்கும் இடைவெளிகள் அப்படியே ஒன்றுதான். புரந்தரதாசர் ஆரம்பப் பாடங்களுக்கு இந்த ராகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தொண்டைக்கு இது எவ்வளவு வசதி என்று உங்களுக்கே தெரியும், பியானோ கைக்கும் அதே வசதி. வலது கையில் 1-2-3-4, மறுபடி 1-2-3-4 என்று விரல் போடுங்கள். கையின் வடிவம் மாறாது, நடுவில் மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும்போது கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நழுவிப் போக வேண்டும், அவ்வளவுதான். இடது கைக்கு 4-3-2-1, 4-3-2-1. கட்டைவிரலை அடியில் கொண்டுபோவதுதான் எல்லா ஸ்கேலுக்கும் அடிப்படை வித்தை, முழங்கையை வெளியே தள்ளாமல் அது நடக்கிறதா என்று கண்ணாடி முன் ஒரு நாள் பாருங்கள். இரண்டு கட்டையிலும் ஐந்து கட்டையிலும் வாசித்தாலும் இதே விரல்கள்தான் வரும், கறுப்பு கீகள் விழும் இடம் மட்டும் மாறும். அந்த மாற்றம் கைக்கு நல்லது.

வாயால் ஸ்வரம் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். பாடினவர்களுக்கு இது பெரிய பலம்: மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் தோள் இறுகாது, புதிதாக வாசிக்கிற பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். ஸஸ ரிரி என்று ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையும் எடுத்துக்கொள்ளலாம், ஒரே கீயை இரண்டு முறை வாசிக்கும்போது அது முழுக்க மேலே வர விட்டு மறுபடி இறக்கப் பழகுவீர்கள்.

இரண்டு எச்சரிக்கை உண்டு. பியானோவில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழுப்பது) வராது, இழுத்துப் பார்த்து ஏமாற வேண்டாம், நேர் ஸ்வரமாகவே வாசியுங்கள். அடுத்தது காலம், ஒவ்வொரு காலத்திலும் வேகம் இரட்டிப்பாகும். முதல் காலம் ஒரு டிக்குக்கு ஒரு ஸ்வரம் என்று 60-இல் தொடங்கினால் மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 240 ஸ்வரம் ஆகிவிடும், தொண்டை அதற்கு ஈடுகொடுக்கும், புதுக் கை கொடுக்காது. இப்போதைக்கு இரண்டு காலம் போதும்.

அடுத்த மாதம் பையனுக்கு கிரேடு 1 எக்ஸாம். வெளியே காத்திருக்கும் ஹாலில் ஏசி குளிர், வார்ம்-அப் செய்ய பியானோவும் இருக்காது என்கிறார்கள். என்ன செய்வது? — அண்ணா நகர்

சென்னையில் வெளியே வெயில், உள்ளே ஏசி, இந்த மாற்றத்தில் விரல் சில்லிட்டுப் போவது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள், ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய் அந்த மூடியைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு உள்ளங்கைகளைத் தேய்த்து, விரல்களை மெதுவாக மூடித் திறந்து, பிறகு தொடைமேல் ஸ்கேலை வாசித்துப் பார்க்கட்டும், விரல் எண்ணைச் சொல்லிக்கொண்டே. சத்தமில்லாமல் வாசிப்பது மனப்பாடத்தையும் சோதித்துவிடும்.

இன்னொரு வேலையை நீங்கள் முன்கூட்டியே செய்ய வேண்டும். வீட்டில் கீபோர்டு மட்டும் இருந்தால், தேர்வுக்கு முன் ஓரிரு முறையாவது உண்மையான பியானோவில் வாசிக்க வாய்ப்பு உண்டாக்குங்கள், கிளாஸிலோ, பள்ளியிலோ, தெரிந்த சர்ச்சிலோ. கீயின் கனம் வேறு, அது முதல் முறையாகத் தேர்வு அறையில் தெரியவரக் கூடாது. உள்ளே போனதும் ஸ்டூலைச் சரிசெய்துகொண்டு ஓரிரு நோட் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள், பொதுவாக அனுமதிப்பார்கள். ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்யக் கூச்சப்பட்டு, தாழ்வாகவே உட்கார்ந்து வாசித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதை வீட்டிலேயே பழக்குங்கள்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. காலை ஆறு மணிக்கு வாசித்தால் விரல் மடங்கவே மறுக்கிறது. இந்த வயதில் விட்டுவிடலாமா? — தாம்பரம்

விட்டுவிடாதீர்கள் சார். ஆறு மணியை மட்டும் விடுங்கள். பதினோரு மணிக்கோ மாலையிலோ வாசியுங்கள், அதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கையையும் மூன்று நான்கு நிமிடம் வைத்து எடுங்கள். ஆக்டேவ் எட்டிப் பிடிக்கும் பயிற்சிகள் வேண்டவே வேண்டாம். சி மேஜர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் மூன்று நோட்) ஒன்றாக அழுத்தாமல் சி, இ, ஜி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வாசியுங்கள், கையை விரித்து நீட்டாமல், மணிக்கட்டைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே. பத்து நிமிடம் வாசித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி பத்து நிமிடம், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இது பலன் தரும். காலை விறைப்பு தினமும் அரை மணிக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

வார்ம்-அப்பில் வேகத்தை எப்போது கூட்டலாம்? தினமும் ஒரே பயிற்சியே போதுமா? — வேளச்சேரி, கல்லூரி மாணவி

ஒரு வேகத்தில் தொடர்ந்து மூன்று முறை தப்பில்லாமல், தோள் எழும்பாமல், தாடை இறுகாமல் வந்தால் மெட்ரோனோமில் நாலு கூட்டும்மா. வரவில்லையென்றால் எட்டு குறை. வீடியோக்களில் மின்னல் வேகத்தில் ஓடும் விரல்களைப் பார்த்துவிட்டு முதல் வாரமே 120-க்குப் போகிறவர்கள் தப்பான விரலையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், பிறகு அதை மாற்ற இரண்டு மடங்கு பாடுபட வேண்டியிருக்கிறது.

ஒரே பயிற்சி போதாது. கையின் எடையை விடுவதையும் ஐந்து விரலையும் தினமும் வைத்துக்கொள், அது ஐந்து நிமிடம். மீதி ஐந்து நிமிடத்துக்கு, இந்த வாரம் உன் பாட்டில் எங்கே தடுக்குகிறதோ அந்த இரண்டு பாரை (நொட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதி) எடுத்துக்கொள். கட்டைவிரல் மாறும் இடமாக இருந்தால் அந்த மாற்றத்தை மட்டும் ஏறி இறங்கி வாசி, இடது கை தாவும் இடமாக இருந்தால் சத்தமில்லாமல் கீமேல் கையைக் கொண்டுபோய் வைத்துப் பார், பிறகு அழுத்து. ஒரு நாள் தட்டித் தட்டி, ஒரு நாள் சேர்த்து, ஒரு நாள் மிக மெல்லிசாக. அது சரியானதும் அடுத்த இரண்டு பார்.